வெள்ளைக் கால்சட்டையும் ஒரு புட்டித் தண்ணீரும்

நான் ஓர் ஆற்றைக் கெடுத்தவன். எண்ணெய் ஊற்றிக் கெடுக்கவில்லை; கால்சட்டையில் சேறு படாமல் பார்த்துக்கொண்டே கெடுத்தேன்.

மலாயாவில் மெர்டேக்கா, அதாவது சுதந்திரக் கொடி ஏறிய புதிது. மலாக்கா ஆற்றில் கழிவுநீர் விடும் பட்டறைகளுக்குப் பெர்மிட் கொடுக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. குழாய் வாயிலேயே கழிவுநீரைப் புட்டியில் பிடித்து வரவேண்டும். சோதனையில் தேறினால்தான் பெர்மிட். (வேலை கிடைத்த வாரமே வெள்ளைக் கால்சட்டை தைத்துக்கொண்டேன். சுதந்திர நாட்டு அதிகாரி இல்லையா!)

முதலில் போனது ஆற்றோரக் கப்பல் பட்டறைக்கு. புகார் கொடுத்தவர் காஜா பேராங் குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா. அவர் கணவர் ஆற்று முகத்துவாரத்தில் வலை தள்ளிப் பிடிக்கும் கூனி இறால்தான் அந்த வீட்டுச் சோறு. எண்ணெய் நாற்றம் அடிக்கிறதென்று சந்தையில் யாரும் அதை வாங்கவில்லை.

"தம்பி, நீதான் போறியாமே. நல்லாப் பாத்து எழுதுலா," என்றார் அக்கா.

"நான் இருக்கேன்லக்கா," என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

நான் போனபோது கடல் உள்வாங்கி ஆறு வற்றியிருந்தது. குழாய் வாய் சேற்றுக்கு அப்பால், கீழே. கறுப்பாக ஏதோ சொட்டியது. நான் என் கால்சட்டையைப் பார்த்தேன். பட்டறை ஆட்களை மேய்க்கும் மண்டோர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, இப்ப எறங்குனா இடுப்பு வரைக்கும் போய்டும். தண்ணி ஏறட்டும், மேலேர்ந்தே கயிறு விட்டு மொண்டுக்கலாம். கோப்பி குடிக்கிறீங்களா?"

என்னை 'ஐயா' என்று அழைத்த முதல் மனிதர் அவர். இரண்டு கோப்பி குடித்தேன். கடல்நீர் ஏறி வந்து குழாயை மூடியது. கயிற்றில் புட்டியை இறக்கி அழகாக மொண்டேன், கழிவுநீரை அல்ல, கடல்நீரை. சோதனையில் தேறாமல் என்ன செய்யும்? ஒரு வருடத்துக்குப் பெர்மிட் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா சண்டை போடவில்லை. "எந்த நேரத்துல மொண்ட?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஆறு வற்றிய நேரம் பார்த்து ஓடினேன், அதே கால்சட்டையில். (ரோஷம்!) இரண்டாம் அடியிலேயே இடுப்பு வரை புதைந்தேன். படகு இழுக்கும் கயிற்றை என் அக்குளில் கட்டி நான்கு பேர் 'ஏலேலோ' போட்டு இழுத்தார்கள். ஆனாலும் புட்டியை விடவில்லை. அதில் தார் போன்ற தண்ணீர் இருந்தது. பெரிய அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெர்மிட் புதுப்பிக்கும்போது பார்த்துக்கலாம்," என்றார்.

இறால் அதுவரை காத்திருக்கவில்லை. அக்காவின் கணவர் வலையை விற்றுவிட்டு, அதே பட்டறையில் கப்பல் அடிப்பாகம் சுரண்டப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது; இன்றும் இருக்கிறது.

மூன்று முறை வேகவைத்தும் வெளுக்காத கால்சட்டை தரை துடைக்கப் போயிற்று. நான் உடுத்திக் கிளம்பும்போதெல்லாம் என் மனைவி கேட்பாள்: "தண்ணி ஏறிடுச்சாங்க, போலாமா?" வீடே சிரிக்கும். மகன் கல்யாணத்தன்றும் கேட்டாள். கதையைக் கேட்டு சம்பந்தி வீட்டாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் மாரியாயி அக்கா. அவர் சிரிக்கவில்லை. என் வெள்ளை வேட்டியைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "கறை படாம சாப்புடு தம்பி."