சுக்கா அண்ணனுக்குக் கறி கிடைக்காத கதை

ஆட்டுக்கறியிடமிருந்து தன்னைக் காப்பாற்றத் தானே காவல் போட்டுக்கொண்ட மனிதர், மதுரை ஜில்லாவிலேயே சுக்கா அண்ணன் ஒருவர்தான். ஆனையூரில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறார். அழகர்கோவில் பக்கம் எந்தக் கிடாவெட்டுக்கு அண்டா போனாலும் பின்னாலேயே அவரும் போவார். பெயர் அப்படி வந்ததுதான்.

கொரோனா அடங்கிய வருடம், மாசி மகத்துக்கு முந்தின வாரம், அவருக்குச் சிறுநீரகம் பழுது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கறி, முட்டை, பருப்பு எல்லாவற்றையும் குறைக்க வேண்டும். கல்யாணம் ஆகாதவர், மூன்று வேளையும் பாண்டி மாஸ்டர் மெஸ்ஸில்தான் சாப்பாடு. நேரே அங்கே வந்தார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"மாஸ்டர், இனிமே எனக்குக் கறி போடாத. நானே கேட்டாலும் போடாத. அழுதாலும் போடாத."

"சத்தியமா போட மாட்டேண்ணே."

போடவே இல்லை. மூன்றாம் நாளே அண்ணன் அழுதார். அப்புறம், எலும்பைச் சப்பிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவதாகப் பேரம் பேசினார். ஆடியில், டாக்டர் பேசுகிறார் என்று போனை நீட்டினார். குரலைக் கேட்ட மாஸ்டர், "டாக்டரய்யா, ரெண்டு டீ பார்சல்" என்றார்.

"சீனி கம்மியாவா?" என்றது போன்.

இந்தப் பங்குனியில் அவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. முதல் வாரமே மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மாஸ்டர், இனிமே நான் கறி திங்கணுமாம்யா! டயட் பாக்குற அம்மா சொல்லுச்சு!"

"அவுகளும் டீக்கடைதானா?"

"மிஷின்ல ரத்தத்தக் கழுவுறப்ப சத்தும் சேந்து போயிருதாம்யா!"

மெஸ்ஸே சிரித்தது. எனக்கோ குடைச்சல். நேற்று வரை ஆகாத பண்டம் இன்று எப்படி மருந்தாகும்? அதற்குள் அண்ணன் சட்டைக்குள் ஆளே தெரியாமல் இளைத்துப்போனார். சித்திரைத் திருவிழா முடிந்த வியாழக்கிழமை, மாஸ்டரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

"அவர் சொன்னது நிஜம்தாங்க," என்றார் அந்த அம்மா. "சத்து குறைஞ்சு எடை இறங்கிக்கிட்டே போகுது. முட்டை வெள்ளை, மீன், கோழி ஏதாவது ஒண்ணு வேளாவேளைக்கு வேணும். ஈரல், சூப், கருவாடு கூடாது. குழம்பையும் ஊத்தாதீங்க, அவருக்குத் தண்ணிக்கும் அளவு இருக்கு."

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவிலிருந்தே மாஸ்டர் மீன்காரருக்குப் போன் போட்டு மறுநாளைக்குச் சொல்லிவைத்தார்.

மறுநாள் மதியம் அண்ணன் இலையில் முட்டை வெள்ளையும், உப்பைக் குறைத்துப் பொரித்த மீனும் விழுந்தன. அண்ணன் ஒரு வாய் எடுத்தார். இலையைத் தள்ளிவைத்தார்.

"எறங்க மாட்டேங்குது மாஸ்டர். எதத் தின்னாலும் நாக்குல தகரத்த வச்ச மாதிரி இருக்கு."

கூட்ட நேரத்தில் கல்லாவில்கூட உட்காராத மாஸ்டர், கரண்டியைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அம்புட்டு கெஞ்சுனீக. இப்ப நான் கெஞ்சுறேன். ஒரே ஒரு துண்டுண்ணே."

முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலையோரம் ஒதுக்கினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

தினமும் இதுதான் நடக்கிறது. நானும் அதே நேரத்துக்குப் போய்விடுகிறேன். அவர் இரண்டாவது துண்டை விழுங்கிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.