அறக்கட்டளைக்கு ஜாதகம்

சனிக்கிழமை வந்துவிட்டால் பழனி சாலையில் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் பஸ் நிற்காமல் போக முடியாது. கதர்ச் சட்டைகளும் ஜோல்னாப் பைகளும் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஒவ்வொரு பைக்குள்ளும் யாரோ ஒரு வெள்ளைக்காரரோடு சேர்ந்து நின்று எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கும். இவர்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அல்லர். மக்களுக்குச் சேவை செய்கிறவர்கள். அந்தச் சேவைக்கு வெளிநாட்டு நிதி எப்போது வரும் என்று ஜாதகம் பார்க்க வந்தவர்கள்.

தங்கள் ஜாதகத்தை அல்ல. தங்கள் அறக்கட்டளையின் ஜாதகத்தை.

சிரிக்க வேண்டாம். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்திருந்த சமயம் அது. அப்போது திண்டுக்கல்லில் தெருவுக்கு ஒரு பிள்ளையார் இருந்தாரோ இல்லையோ, தெருவுக்கு ஓர் அறக்கட்டளை இருந்தது. குளத்தைத் தூர்வார ஒன்று. தூர்வாரிய குளத்தில் குப்பை போடாதே என்று சொல்ல இன்னொன்று. தெருநாயைக் காப்பாற்ற ஒன்று. தெருநாயிடமிருந்து மனிதர்களைக் காப்பாற்ற ஒன்று. முதியோருக்கு, அனாதைக்கு, கண்தானத்துக்கு, பனைமரத்துக்கு, நத்தத்து மாம்பழத்துக்கு. மாநிலம் முழுக்க எத்தனை இருக்கும் என்று காந்திகிராமம் பக்கம் ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. ஒருவர் பல ஆயிரம் என்றார். இன்னொருவர் லட்சத்தைத் தாண்டும் என்றார். எண்ணிப் பார்க்க ஓர் அறக்கட்டளை தொடங்கினால் என்ன என்றார் மூன்றாமவர். அதற்குத் தலைவராக அங்கேயே நாலு பேர் கை தூக்கினார்கள்.

உண்மையாக உழைத்தவர்களும் இருந்தார்கள். தொழுநோயாளியின் புண்ணைக் கழுவியவர்கள், செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள். அவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை இருந்தது. மண்டபத்துக்கு வரவில்லை.

மண்டபத்து மேடையில் வீற்றிருந்தவர் 'தர்மஜோதி' சோலைமுத்து. ஒட்டன்சத்திரத்துக்காரர். முன்பு பதிவு அலுவலகத்துக்கு வெளியே மேசை போட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். அறக்கட்டளைப் பத்திரத்தில் கைதேர்ந்தவர். ஒரே ஒரு பத்திரத்தை வைத்துக்கொண்டு ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுப்பார். அதனால்தான் நாய் அறக்கட்டளையின் நோக்கங்களிலும் முதியோர் அறக்கட்டளையின் நோக்கங்களிலும் 'மகளிர் முன்னேற்றம், மரம் வளர்ப்பு' என்று அதே வரி இருக்கும். எழுதி எழுதிக் கை வலித்த ஒரு நாளில் அவருக்கு ஞானம் பிறந்தது. மனிதனுக்குப் பிறந்த நேரம் இருக்கிறதென்றால், அறக்கட்டளை பதிவான நேரம்தானே அதற்குப் பிறந்த நேரம்? நேரம் இருந்தால் ஜாதகம் உண்டு. ஜாதகம் இருந்தால் தோஷம் உண்டு. தோஷம் இருந்தால் பரிகாரம் உண்டு. அதற்கப்புறம் எதற்குப் பத்திரம் எழுதுவது?

அவர் கையால் காசைத் தொடமாட்டார். உத்தமர். சனி பிடித்த அறக்கட்டளையிடம் இரும்பு மட்டும் கேட்பார். சனிக்கு உரிய உலோகம் இரும்பு அல்லவா? தட்டச்சு மெஷின், சைக்கிள், பீரோ, தண்ணீர் மோட்டார் என்று இரும்பாக எது இருந்தாலும் சரி. அதை வாங்கிக்கொள்ள அவரே ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார். லாப நோக்கமற்றது. இரும்பு மட்டும் அன்று சாயங்காலமே லாரி ஏறிப் பழைய சாமான் கடைக்குப் போய்விடும்.

இந்த இரும்புப் பசி ரோசலின் வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது.

ரோசலினின் கணவர் ஸ்டீபன்ராஜ் பள்ளிக்கூட வாத்தியார். சம்பளத்தில் மிச்சம்பிடித்துப் பெண்களுக்குத் தையல் பள்ளி ஒன்று தொடங்கி, அதை அறக்கட்டளையாகவும் பதிவு செய்தார். கூடத்தில் ஆறு தையல் மெஷின்கள். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியும் மெஷின்கள் நிற்கவில்லை. பூப் பறிக்கப் போன பெண்கள் ஜாக்கெட் தைத்துப் பிழைத்தார்கள். செயலாளர் பொறுப்பு மட்டும் ஸ்டீபன்ராஜின் தம்பி ராயப்பராஜிடம் வந்திருந்தது. அண்ணன் பெயரில் மூன்று மாடிக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசை வெளிநாட்டைப் பார்த்தது. வெளிநாடு திரும்பிப் பார்க்கவில்லை. ராயப்பராஜ் சோலைமுத்துவைப் பார்த்தான்.

"மதினி, ஆறு மெஷினையும் வர்ற சனிக்கிழம குடுத்துரணும்."

ரோசலின் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "யாருக்கு?"

"சோலைமுத்து ஐயாவுக்கு. நம்ம டிரஸ்டுக்கு ஏழர நாட்டுச் சனியாம். கூடத்துல சக்கரம் சுத்துற இரும்பு இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லிட்டாரு மதினி. எனக்கு மேலு சிலிர்த்துப் போச்சு."

"உள்ள போறதுக்கு முன்னாடி வாசல் டீக்கடையில யாருகூடயாச்சும் பேசுனியா?"

"ஒருத்தரு ரொம்ப அன்பா விசாரிச்சாரு. எந்த ஊரு, என்ன வேல செய்யிறீகன்னு."

"நீ என்ன சொன்ன?"

"தையல் பள்ளிக்கூடம்னு சொன்னேன்."

"பிறகு ஐயா கண்ணத் திறந்துக்கிட்டா பாக்கணும்?"

ராயப்பராஜ் அதைக் காதில் வாங்கவில்லை.

"நாம மாதா கோயிலுக்குப் போற ஆளுக. நமக்கு ஏதுப்பா ஜாதகம்?"

"நமக்குத்தான் கெடையாது. டிரஸ்டு மதச்சார்பற்றதுன்னு பத்திரத்துலயே எழுதியிருக்கே."

இதற்கு ரோசலினுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பேச்சில் அது போய்விட்டது. ராயப்பராஜ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அண்ணன் பதிஞ்ச நேரம் சரியில்லையாம் மதினி. அந்தத் தோஷந்தான் அண்ணனையும் கொண்டுட்டுப் போச்சாம்."

வத்தலக்குண்டு சாலையில் முன்விளக்கு இல்லாமல் வந்த மணல் லாரிதான் ஸ்டீபன்ராஜைக் கொண்டுபோனது. லாரிக்காரன் விளக்கை மாட்டியிருந்தால் அவர் இன்றைக்கும் கூடத்தில் உட்கார்ந்து பெண்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். அந்த விளக்குக்கும் ஜாதகத்தின் எட்டாம் இடத்துக்கும் என்ன சம்பந்தம்? கொழுந்தனிடம் அவள் இதைக் கேட்கவில்லை. நம்ப ஆசைப்படுகிறவனிடம் கேள்வி கேட்டால் மதினிக்கும் தோஷம் என்பான்.

மறுநாள் தையல் சொல்லிக்கொடுக்கும் அஜீஸுன்னிசாவையும், கன்னிவாடியிலிருந்து தையல் படிக்க வரும் ஒச்சம்மாளையும் கூப்பிட்டாள். இருவர் கையிலும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே நேரம், திண்டுக்கல் என்று ஊர்.

"அஜீஸு, நீ காலையில பஸ்ஸுல போ. பழைய சேலையே போதும்."

"வேற எது இருக்கு என்கிட்ட? சரிக்கா."

"ஒச்சு, நீ மத்தியானம் கார்ல வா. என் கல்யாணப் பட்ட உடுத்திக்க. எங்க வீட்டுக்காரரு கண்ணாடியையும் போட்டுக்க."

"கார்லயா? டீச்சர், நான் வாயத் தொறந்தா என் படிப்பு வெளிய தெரிஞ்சு போகும்ல?"

"தொறக்காத. பெரிய ஆளுக யாரும் அங்க வாயத் தொறக்க மாட்டாக. ம்ம் மட்டும் சொல்லு."

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் ஆறு மெஷின்களும் ஒரு சின்ன வேனில் ஏறி நின்றன. ராயப்பராஜ் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். வகுப்பு நேரத்தில் ஒருநாளும் எட்டிப்பார்க்காத செயலாளர் என்பதால் அஜீஸுன்னிசாவையும் ஒச்சம்மாளையும் அவனுக்கு முகம் தெரியாது. ரோசலின் கடைசி வரிசையில் இருந்தாள்.

காலையில் அஜீஸுன்னிசாவின் முறை வந்தது. சோலைமுத்து முதலில் அவளுடைய செருப்பைப் பார்த்தார். பிறகு கிரகங்களைப் பார்த்தார். மைக்கில் அவர் குரல் கரகரத்தது.

"ஏனுங்கம்மணி, இப்படியொரு நேரத்துலயா பதிவு பண்ணுவீங்க? இது பொறக்கும்போதே செத்துப் பொறந்ததுங்க. வெளிநாடு என்னங்க, வேடசந்தூர்லகூட ஒருத்தரும் ஒத்த ரூவா தரமாட்டாங்க. இருக்கிற இரும்பக் கொண்டாந்து வெச்சிருங்க."

கூட்டம் 'உச்' கொட்டியது. பக்கத்து நாற்காலிக்காரர் தன் பையைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார். தோஷம் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வாடகை அம்பாசடர் ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். பட்டும் கண்ணாடியுமாக ஒச்சம்மாள் இறங்கினாள். கண்ணாடியில் பாதை சரியாகத் தெரியாததால் மெதுவாக நடந்தாள். அதுவே பெரிய மனுஷி நடையாகிவிட்டது. டீக்கடை அன்பர் ஓடிப்போய் ஐயாவின் காதில் ஏதோ சொன்னார். ஐயா எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னன்னு சொல்றதுங்க இந்த நேரத்த! குரு உச்சத்துல நிக்கிறாருங்க. இந்த நேரத்துல பொறந்தது சாகவே சாகாதுங்க. நூறு வருஷம் உசுரு துடிச்சுக்கிட்டே இருக்கும். ஜெனிவாவுலருந்து கூப்பிடுவாங்க பாருங்க. கூப்பிட்டாங்களா?"

"ம்ம்," என்றாள் ஒச்சம்மாள்.

"பாத்தீங்களா! பரிகாரமே வேண்டாங்க. நம்ம அறக்கட்டளைக்குப் புரவலரா மட்டும் இருந்துருங்க."

கைதட்டல் அடங்கும் முன் ரோசலின் எழுந்து மேடைப் பக்கம் நடந்தாள்.

"ஐயா, காலையில இந்த அஜீஸுன்னிசா குடுத்த சீட்டையும், இப்ப அந்தம்மா குடுத்த சீட்டையும் சேத்து வாசிக்கச் சொல்லுங்க."

உதவியாளர் யோசிக்காமல் மைக்கில் வாசித்துவிட்டார். இரண்டாவது சீட்டில் பாதி வரும்போதுதான் அவர் குரல் இறங்கியது. ஒரே தேதி. ஒரே சாயங்காலம். ஒரே ஊர்.

முதல் வரிசையில் ராயப்பராஜின் கட்டிய கைகள் அவிழ்ந்தன.

சோலைமுத்து அசரவில்லை. "ஒரே நேரத்துல ரெண்டு கொழந்தை பொறக்குறதில்லைங்களா? ரெண்டுக்கும் தலையெழுத்து வேறங்க."

"அப்ப எதுக்கு நேரத்தக் கேக்குறீக? தலையெழுத்தையே கேட்டுர வேண்டியதுதான?"

யாரோ சிரித்தார்கள். கூட்டத்தில் முதல் சிரிப்பு வந்துவிட்டால் சாமியாருக்குப் பாதி உயிர் போன மாதிரிதான்.

"எந்த அறக்கட்டளைன்னு சொல்லுங்கம்மணி. மறுபடி துல்லியமாப் பாத்துச் சொல்றேன்."

ரோசலின் மைக்கை வாங்கவில்லை. அவள் குரலே போதுமானதாக இருந்தது.

"அறக்கட்டளை இல்லைங்க. அது எங்க வீட்டுக்காரரு ஸ்டீபன்ராஜ் இறந்துபோன நேரம். ஆஸ்பத்திரியில நர்சம்மா கடிகாரத்தப் பாத்துச் சொன்னாக. நான் பக்கத்துல நின்னேன். அந்த நேரத்துல எதுவும் பொறக்கலைங்க. நூறு வருஷம் உசுரு துடிக்கும்னீகளே, அது எப்படின்னு சொல்லுங்க. நானும் கேட்டுக்கிறேன்."

சோலைமுத்து சுவர்ப்பக்கம் திரும்பி உதவியாளரைத் தேடினார். உதவியாளர் ஏற்கெனவே பின்கட்டு வழியாகப் போயிருந்தார். தன் இரும்பையெல்லாம் தானம் கொடுத்த கூட்டம் மெல்ல எழுந்து மேடையை நெருங்கியது. "என் தண்ணி மோட்டார் எங்கய்யா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் சைக்கிளைக் கேட்டார். தர்மஜோதியின் வாய் அன்றைக்குத்தான் முதல்முறையாக மூடியது. போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும்போதும் திறக்கவில்லை.

ராயப்பராஜ் வந்து மதினிக்கு முன்னால் நின்றான். அழுதுகொண்டிருந்தான்.

"அண்ணன் சாவுக்குக் காரணம் நம்ம பள்ளிக்கூடம்னு நெனச்சுட்டேன் மதினி."

"லாரியில வெளக்கு இல்லடா. அம்புட்டுத்தான். வேனத் திருப்பச் சொல்லு. திங்கக்கெழம பிள்ளைக வந்துரும்."

அவன் ஓடினான். ரோசலின் வெளியே வந்தபோது நத்தத்து மாம்பழ அறக்கட்டளைக்காரர் அவளைப் பின்தொடர்ந்து வந்தார். நடந்த அத்தனையையும் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவர். குரலைத் தாழ்த்தி, கைகூப்பி, மிகுந்த பக்தியோடு கேட்டார்:

"தாயி, அந்தாளு டுபாக்கூர்னு கண்டுபிடிச்சீகளே, உங்களுக்கு ஏதோ அருள் இருக்கு. எங்க டிரஸ்டுக்கு எப்பப் பணம் வரும்னு நீங்களாச்சும் பாத்துச் சொல்லுங்க."

ரோசலின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க டிரஸ்டு இதுவரைக்கும் என்ன வேல செஞ்சிருக்குங்க?"

அவர் வெயிலில் நின்று மண்டையைச் சொறிந்தபடி யோசிக்க ஆரம்பித்தார். பொறுமையாக யோசிக்கட்டும். அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் யாரும் நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை.