போயிட்டு வாங்க

எங்கள் பக்கத்தில் யாரையும் 'போங்க' என்று வழியனுப்புவதில்லை. சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிற சம்பந்தியைக்கூட 'போயிட்டு வாங்க' என்றுதான் அனுப்புவோம். அதை நம்பி யாரும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. எனக்கு மட்டும் ஒருவர் வந்தார், பெட்டி படுக்கையோடு.

எண்பதுகளில் பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் பர்சனல் டிபார்ட்மெண்டில் இருந்தேன் (டிபார்ட்மெண்ட் என்றால் நானும் ஒரு மேஜையும்). வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார்.

"ஜி.எம். ஞாயித்துக்கிழம கெளம்பறாரு. திங்கக்கிழம நம்ம மருமகன் அந்த சீட்ல உக்காரணும். அவரு மனசு நோகாம, சத்தமில்லாம அனுப்பி வெச்சிரு. உன் வேலைய பர்மனென்ட் பண்ணிடலாம்."

ஜி.எம். சபாபதி சார் மில் தொடங்கிய நாளிலிருந்து இருந்தவர். பிள்ளைகள் கிடையாது. மனைவி குவார்ட்டர்ஸிலேயே காலமாகிவிட்டார். அவர் சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. அவர் நடந்து வந்தால் அறுந்த இழைகூடத் தானே ஒட்டிக்கொள்ளும் என்று மில்லில் ஒரு பேச்சு உண்டு (கிளப்பிவிட்டதே நான்தான்).

கேன்டீனில் பிரிவு உபசார விழா வைத்தேன். முதலாளி வரவில்லை. மருமகன் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று ஆபீசர்களும் வரவில்லை. ஷிப்ட் முடிந்தவர்கள் போண்டாவுக்காக வந்தார்கள், போண்டா தீர்ந்ததும் போய்விட்டார்கள். கடைசியில் மைக் செட்டுக்காரர், கேன்டீன் மாஸ்டர், நான். எதிரே கழுத்தில் மாலையோடு சபாபதி சார், காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துபோய், நாக்கு தன்னிஷ்டத்துக்கு ஓடியது.

"ஐயாவ போங்கன்னு சொல்ல எங்களுக்கு வாய் வரலீங்க. போயிட்டு வாங்க. எப்ப வேணாலும் வாங்க. இந்த மில்லு உங்க வூடு. உங்க சீட்டு உங்களுக்காக அப்பிடியே காத்துக்கிட்டிருக்கும்."

கேன்டீன் மாஸ்டர் கை தட்டினார். அந்தத் தெம்பில், ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோதும் கூடவே ஓடி, "அவசியம் வாங்க சார்" என்றேன். ஜன்னலில் அவர் தலையாட்டினார். அறைக்குத் திரும்பி ஸ்டவ்வைப் பற்றவைத்து, வழக்கம்போல ஓர் ஆளுக்கு உலை வைத்தேன். அரூரில் அக்கா வீடு இருந்தது. போனால், செருப்பைக் கழற்றும்போதே மாமா, "எந்த பஸ்ஸுக்கு கெளம்பற?" என்பார். அதனால் லீவு நாளிலும் நான் அந்த அறையிலேயே கிடப்பேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்தார்.

"ஜி.எம். வந்துட்டாருங்க."

"வரட்டுமே, அவரு ரூமுக்கு அவரு வர்றாரு."

"இவரில்லீங்க. அவரு."

ஓடினேன். சபாபதி சார் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலடியில் டிரங்குப் பெட்டி, சுருட்டிய படுக்கை. எனக்குப் பின்னாலேயே முதலாளியும் மருமகனும் வந்து நின்றார்கள்.

"யாருங்க உங்கள வரச் சொன்னது?" என்றார் முதலாளி.

சபாபதி சார் நிதானமாக என்னைக் காட்டினார். "இவருதான். மைக்ல சொன்னாரு."

பூமி பிளக்குமா என்று பார்த்தேன். மில் தரை, நல்ல சிமெண்ட்.

முதலாளி கோபப்படவே இல்லை. "அப்ப சரி. அவர கூட்டிக்கிட்டு நீயும் போயிட்டு வாப்பா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

டிரங்குப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன், படுக்கையை அவர் வைத்துக்கொண்டார். பொம்மிடி ரோட்டில் வெயிலில் நடந்தோம். வேலை போன ஆத்திரம் எனக்கு.

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானுங்களே சார்? உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவர் படுக்கையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"தெரியும். காட்பாடியில என் தம்பி வூட்டுக்குத்தான் போனேன். காப்பிய கையில குடுக்கும்போதே, எப்ப கெளம்பறீங்கன்னு கேட்டாங்க. எங்க கெளம்பறதுன்னு எனக்குத் தெரியல. என்னைய வாங்கன்னு சொன்னது இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். பேச்சுக்குத்தான்னு தெரிஞ்சேதான் வந்தேன்."

மாமா குரல் என் காதில் கேட்டது. பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு, "நம்ம ரூமு சின்னதுங்க சார்" என்றேன். அன்றைக்கு இரண்டு பேருக்கு உலை வைத்தேன். சாதம் குழைந்துவிட்டது. அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

தர்மபுரியில் எனக்கு வேறு வேலை கிடைத்து, கல்யாணமும் ஆன பிறகும் அவர் எங்களோடுதான் இருந்தார். இன்றைக்கும் வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பினால் என் மனைவி முன்னால் வந்து மறித்துக்கொள்வாள். "நீங்க உள்ள போங்க, நான் சொல்லிக்கறேன். நீங்க சொன்னா வந்துருவாங்க." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கதை தெரியாத விருந்தாளிக்கு முதலிலிருந்து சொல்லப்படும்.

அதில் ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. சபாபதி சாருக்குக் கொள்ளி வைத்ததும் நான்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்றார்கள். நான் திரும்பி நின்று, "போயிட்டு வாங்க சார்" என்றேன். கூட வந்தவர்கள் பதறிப்போனார்கள். அங்கே அதைச் சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.