எஞ்சின் இல்லாமல் ஓடிய மொரிஸ் மைனர்

எஞ்சின் இல்லாத கார் தானாக ஓடினால், அதை ஓட்டுவது செத்துப்போன தொரைதான் என்று ஒரு காலத்தில் நான் முழுமனதாக நம்பினேன். ஒரு காலத்தில் என்றதும் ஏதோ அரைக்காற்சட்டை வயது என்று நினைத்துவிடாதீர்கள். போன வருடம். வயது நாற்பத்தொன்பது. தொழில், பொகவந்தலாவை பஜாரில் மின்சாரச் சாமான் திருத்துவது. (கடைசி விபரத்தை மட்டும் மறக்காமல் வைத்திருங்கள். என் மானம் போனது அதனால்தான்.)

கார் ஒரு மொரிஸ் மைனர். பக்கத்துத் தோட்டத்தை முன்பு ஆண்ட பெரிய தொரையுடையது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு தேயிலைத் தொழிற்சாலையின் பின்கொட்டகையில் உரமூட்டைகளோடு கிடந்தது. நான் வாங்கியபோது அதில் துருதான் அதிகம். துருவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் காரும் இருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து குனிந்தால் பூமாதேவி தெரிவாள்.

அதை வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் தள்ளி, 'கராஜ்' என்று பெயரும் வைத்தேன். கராஜின் தரையே சரிவு. வாசலில் இருந்து பாதை நேரே கீழே இறங்கும். இடப்பக்கம் தேயிலை மலை. பாதை முடிகிற வளைவுக்குக் கீழே ஓடை. எங்கள் பக்கத்தில் ஹாண்ட் பிரேக்கை மட்டும் நம்பி வாகனத்தை விட்டுப் போகிறவன் கிடையாது. நிறுத்தியவுடன் டயருக்கு ஒரு கல் கொடுத்துவிடுவோம். நான் நான்கு டயருக்கும் நான்கு கல் கொடுத்தேன்.

நானும் மனைவியின் தம்பி செல்வமும் எஞ்சினைக் கழற்றிப் பெஞ்சில் ஏற்றினோம். மறுநாள் விடிய ஆறு மணிக்கு, பூட்டிய கராஜுக்குள் இருந்து ஹோர்ன் அடித்தது.

ஆறு மணி என்றால் பெரட்டு நேரம். தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற நேரம். தொரை பெரட்டுக்கு வந்துவிட்டார்! அடுத்த நாளும் அதே ஆறு மணி, அதே ஹோர்ன். நான் போர்வைக்குள்ளேயே விறைத்து, வரிசையில் நிற்பதுபோலப் படுத்திருந்தேன்.

"பனி ஈரத்துல ஒயரு ஒட்டிக்கிதுங்க. அந்தப் பெட்டரியக் கழட்டி வைங்க" என்றாள் என் மனைவி புஷ்பம், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே.

"உனக்கென்னா தெரியும்? நான் முப்பது வருசமா ஒயரோட கெடக்குறவன்."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

பெட்டரியை நான் தொடவில்லை. தொரை கோபித்துக்கொண்டால்? கராஜுக்குள் போகும்போதெல்லாம் வாசலில் நின்று "குட் மார்னிங் தொரை" என்று முணுமுணுத்துவிட்டே காலை வைத்தேன். (பின்னேரமானால் குட் ஈவினிங். பயத்திலும் மரியாதை தவறக்கூடாது.)

பத்தாவது நாள் தாங்க முடியாமல் பூசாரியைக் கூட்டிவந்தேன். தொழிற்சாலை இயந்திரங்களைக் காக்கும் ரோதமுனிக்குப் பூசை போடுகிறவர். காருக்குள் இருக்கும் தொரையை இறக்க முனியைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

அவர் காரை ஒரு சுற்று சுற்றினார். "தம்பி, எஞ்சின் எங்க?"

"பெஞ்சுல இருக்குங்க சாமி."

"அப்ப முனிய எதுல எறக்குறது?"

"ஹோர்ன்ல எறக்குங்க சாமி. இதுல வேல செய்யிறது அது ஒன்னுதான்" என்றான் செல்வம்.

பூசாரி அவனை முறைத்துவிட்டு, வீட்டுக்காரன் முன்னாலும் வீட்டுக்காரி பின்னாலும் உட்கார வேண்டும் என்றார். புஷ்பம் பின்சீட்டு ஓட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது நிக்குமாங்க?"

"ஏறு புள்ள. நான் இருக்கேன்ல."

சொல்லிவிட்டு நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன், அவள் பின்சீட்டில் ஏறினாள்.

நான்கு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். அந்த இடத்தில் கல் இருந்தது.

"மச்சான், கல்ல எடுக்கவா? ஹாண்ட் பிரேக் போட்டிருக்கீங்களா?"

இழுத்தேன். 'கிரீச்' என்று திருப்தியான சத்தம். "போட்டாச்சு. எடு!"

பழங்களை வைத்து பூசாரி கற்பூரம் காட்டினார். சட், சட் என்று முன்பழம் இரண்டும் நசுங்கின. "நல்ல சகுனம்" என்றார் பூசாரி. அடுத்து பின்பழம் இரண்டும் நசுங்கின. பூசாரி ஒதுங்கி நின்றார். கராஜ் வாசல் என்னைக் கடந்து பின்னால் போனது.

பிரேக்கை மிதித்தேன். அது எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரைவரை போனது. அந்த நேரம் பார்த்து ஹோர்ன் அலறத் தொடங்கியது. எனக்குச் சந்தேகமே இல்லை. தொரை ஸ்டியரிங்கை எடுத்துவிட்டார். நான் உட்கார்ந்திருப்பது அவர் மடியில்! "தொரை, மன்னிச்சிருங்க!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்து பாய்ந்தேன். பாதையோரம் மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள், சேற்றில், முகம் குப்புற.

தலையைத் தூக்கினேன். கார் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்கண்ணாடியில் புஷ்பத்தின் கொண்டை.

அதுவரை பட்ட பயமெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. வளைவு. ஓடை. புஷ்பம். கத்த வாயைத் திறந்தேன். சேறுதான் உள்ளே போனது. எழுந்தேன், வழுக்கி மறுபடியும் கானுக்குள்ளேயே விழுந்தேன். செல்வம் என்னைத் தாண்டிக் காருக்குப் பின்னால் ஓடினான்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், பின்சீட்டில் இருந்து வளையல் போட்ட கை ஒன்று நீண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. கார் தேயிலைக்குள் ஏறி, நான்காவது செடியில் முட்டி நின்றது. ஹோர்னும் நின்றது.

நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, புஷ்பம் சேலையில் இருந்த இலைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எங்க போனீங்க?"

"தொரை..."

"ஆமாக்கா," என்றான் செல்வம் மூச்சிரைக்க, "தொரை இப்பதான் கான்ல இருந்து ஏறி வர்றாரு."

இப்போது காருக்கு எஞ்சின் உண்டு, தரை உண்டு, பிரேக்கும் உண்டு. ஓட்டுவது புஷ்பம். நான் பின்சீட்டில், மடியில் கல்லோடு. நிறுத்தியதும் இறங்கி டயருக்கு வைப்பது என் உத்தியோகம். வீட்டில் நான் எதற்காவது வாக்குக் கொடுத்தால் போதும், மகள் முதல் செல்வம் வரை எல்லோரும் ஒரே குரலில், "நான் இருக்கேன்ல!"

நடந்தது இவ்வளவுதான். ஹோர்ன் ஒயர் ஈரத்தில் ஒட்டியிருந்தது. ஹாண்ட் பிரேக் கேபிளை அதற்கு முந்தின வாரம் நானே கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டிருந்தேன். கல்லை எடுக்கச் சொன்னதும் நான்தான். கார் உருண்டது. நான் குதித்தேன். அவள் உள்ளே இருந்தாள்.