எங்கள் ஒழுங்கை வோட்டுப் போட்ட விதம்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மனுசனைக் கட்டிலிலிருந்து எழுப்பவே முடியாத நாள் ஒன்றிருந்தால் அது தேர்தல் நாள்தான். லீவு கிடைக்கும். வீட்டில் இறைச்சிக் கறி கொதிக்கும். யார் வெல்லப்போகிறார்கள் என்பது போன தேர்தலிலேயே தெரிந்திருக்கும். பிறகு யார் போய் வரிசையில் நிற்பது?

நானும் அப்படித்தான் கிடந்தேன், மழைத் தண்ணீர் என் கட்டிலுக்குக் கீழே வரும்வரைக்கும். (கீழ்மாடி வீடு. வாங்கும்போது 'படி ஏறத் தேவையில்லை' என்று துள்ளிய மூளை என்னுடையது.) ஒழுங்கைக் கான், அதுதான் தெருவோர வடிகால், அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு மழைக்கும் உள்ளே வந்து சுகம் விசாரித்துவிட்டுப் போகும். வெட்டித் தரச் சொல்லி எங்கள் பகுதி மாநகரசபை உறுப்பினரிடம் போனேன். மனுசன் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அம்மா, உங்கட ஒழுங்கையில ஒருத்தரும் வோட்டே போடுறேல்லை. போடுற ஒழுங்கையளை முதல்ல முடிச்சிட்டு வாறன்."

வந்ததே எனக்கு ஆவேசம்! "வாற எலெக்‌ஷனுக்கு எங்கட பிளட்ஸ் கட்டடத்தில ஒரு ஆள் மிச்சமில்லாமல் போடும், பாருங்கோ!" என்று சபதம் போட்டுவிட்டு வந்தேன். என் மகள் சுகந்தி தலையில் கை வைத்தாள்.

தேர்தலுக்கு முதல் வாரம் மாடி மாடியாக ஏறினேன். இரண்டாம் மாடி ராஜன் மருந்துக்கடைக்காரன், வாயும் கசப்பு.

"அன்ரி, அவையள்தான் வெல்லப்போயினம். நான் வேற போய் ஒண்டு கூட்டிக் குடுக்கவே?"

"அப்ப எதிர்த்துப் போடு."

"தோக்கிறவனுக்கு ஏன் அன்ரி வீணா ஆசை காட்டுவான்?"

மூன்றாம் மாடி வடிவேல் ஐயா பென்ஷன்காரர். வரிசையில் நின்றால் முழங்கால் வீங்கும் என்றார். (காலிமுகத்திடலில் இறால் பதித்த இஸ்ஸோ வடைக்கு நிற்கும்போது வீங்குவதில்லை.) பக்கத்து வீட்டு பரீதா, "நான் போட்டா என்ன, போடாட்டி என்ன அன்ரி, வாற ஆள் வாறதுதானே" என்று எனக்கே தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

கதைத்துச் சரிவராது என்று விளங்கியது. அறிவித்தேன்: சின்ன விரலில் மையைக் காட்டுகிற எல்லாருக்கும் என் வீட்டில் சுடச்சுட மீன் கட்லட்!

"அம்மா, இது லஞ்சம். பொலிஸ் வரும்" என்றாள் சுகந்தி.

"நான் கட்சிப் பேரே சொல்லேல்லையடி. பொலிசுக்கும் ரெண்டு வைக்கிறன்."

தேர்தலன்று விடியவே அடுப்பு மூட்டினேன். கூட்டமென்றால் கூட்டம்! ஊதா விரலை நீட்டிக்கொண்டு முழுக் கட்டடமும் இறங்கி வந்தது. நான் கண் கலங்கிப் போனேன். (வெங்காயமும் ஒரு காரணம்.) பொரித்துக் கொட்டக் கொட்ட முடிந்தது. என் வோட்டைப் பின்னேரம் போடலாமென்று விட்டுவிட்டேன்.

வடிவேல் ஐயா மூன்றாவது கட்லட்டுக்குக் கையை நீட்டியபோதுதான் கவனித்தேன்.

"ஐயா, மை இடது கையிலயெல்லோ பூசுவினம்?"

"எனக்கு வலது கைப் பழக்கம் பிள்ளை."

திரும்பிப் பார்த்தால் பரீதா வீட்டுச் செருப்போடு நிற்கிறாள். தலையில் எண்ணெய் வடிகிறது. அந்தக் கோலத்தில் அவள் ஒழுங்கைக்குக்கூட இறங்கமாட்டாள்! விறுவிறென்று படியேறினேன். மேலே ராஜன், புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்துப் போத்தலோடும் பஞ்சோடும் கடை விரித்து இருக்கிறான்.

"அட குரங்கே!" என்று போத்தலைப் பறித்தேன். மூடி இல்லை. மணிக்கட்டு வரைக்கும் எனக்கு ஊதா.

நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். மழையும் தொடங்கிவிட்டது. "திண்ட கட்லட் செமிக்கவேணுமெண்டா இப்பவே நடவுங்கோ!" என்று கத்தினேன். என் சத்தத்துக்கோ வெட்கத்துக்கோ, எல்லாரும் இறங்கினார்கள். வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடம் வரை குடையும் சேலையுமாக ஊர்வலம். வெளியே உறுப்பினரின் ஆட்கள் மழைக்கு ஒதுங்கி நின்று எங்களை வாய் பிளந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை!

உள்ளே இருந்த அதிகாரிப் பெண் என் கையைப் பார்த்தாள்.

"ஆச்சி, சந்தே தாலானே?" வோட்டுப் போட்டாச்சுதானே என்கிறாள்.

"நே மிஸ், மே பெஹெத்!" இது மருந்து என்றேன்.

எனக்குப் பின்னால் நின்றவர்களின் விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முழுக் கட்டடத்துக்கும் ஒரே விரலில் ஒரே புண்ணா என்று சிங்களத்தில் கேட்டாள். ஒருவருக்கும் வாக்குச்சீட்டு தரவில்லை. வீட்டில் படுத்துக் கிடந்திருந்தால்கூட இந்த மரியாதை போயிருக்காது.

வெல்ல வேண்டியவர்கள் வழக்கம்போல வென்றார்கள். என் கான் சரித்திரம் இதோடு முடிந்தது என்று இருந்தேன். அடுத்த கிழமை உறுப்பினர் நன்றி சொல்ல வந்தார். அந்த மருந்து லேசில் போகாது. எல்லா விரலும் இன்னும் ஊதா. "அம்மா, சொன்ன மாதிரியே முழு ஒழுங்கையையும் மழையிலயும் கூட்டிக்கொண்டு போனீங்களாமே!" என்று என் ஊதாக் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். நான் மற்றக் கையால் கட்லட் தட்டை நீட்டினேன். மாதம் முடியமுதல் கான் வெட்டியாயிற்று!

"பாத்தீங்களே அன்ரி? போடாமலே வேலை நடந்திட்டுது. போட்டிருந்தா வீண்தானே" என்றான் ராஜன்.

அதற்குப் பிறகு வந்த தேர்தலுக்கு நான் காலையிலேயே தனியாகப் போய், உண்மையான மை பூசிக்கொண்டு வந்தேன். வாசலில் சுகந்தி என் விரலைப் பிடித்து மணந்து பார்த்துவிட்டு, மேல்மாடிக்குக் கேட்கக் கத்தினாள்: "மருந்துதான்!"

இப்போது எங்கள் கட்டடத்தில் தவறாமல் வோட்டுப் போடுகிற ஒரே ஆள் நான்தான். நம்புகிறதுக்குத்தான் ஒரு ஆளும் இல்லை.