பெட்டிக்குள் ஒரு படகு

"டேய் வைஸ்வா, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம நான் எந்த மெமரியைக் கொடுக்கிறது? பெட்டியைத் தூக்கிட்டு வா, நானே பார்த்துடறேன்" என்றான் போனில் பலிகோவா. ஜிஞ்சா பஸ் நிலையத்தில் கணினிச் சாமான் விற்பவன்.

"ஐயையோ, அது மட்டும் வேண்டாம்!"

வைஸ்வாவின் டைப்பிங் கடைக் கணினி சில நாளாக ஆமையாய் ஊர்ந்தது. அதற்காக அதை இன்னொருவன் கையில் கொடுத்துவிட முடியுமா? அதற்குள்ளல்லவா காவுதா இருந்தாள்!

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்களுக்குக் கோமேசி என்கிற நீள அங்கி தைக்கிற காவுதா. நேரில் கண்டால் "மழை வரும்போல" என்பதற்கு மேல் அவனுக்கு நாக்கு எழாது. ஆனால் ஏரிக்காற்றில் கண் செருகும் மத்தியானங்களில் விரல்கள் தாமாக ஒரு கதையைத் தட்டும். திரையில் ஒரு படகு வரும். நுனியில் காவுதா. தண்ணீரெல்லாம் நிலா. துடுப்புப் போடுகிறவன் வைஸ்வா. மாசக்கணக்காகப் படகு மிதந்துகொண்டே இருந்தது. கரையும் வரவில்லை, கேட்க வேண்டியதை அவன் கேட்கவும் இல்லை.

கணினிக்கும் அவன்மேல் ஒரு பிரியம். காலையில் அவன் வரும்போதே விழித்துக் காத்திருக்கும். பட்டனை அவன் தொட்டதே கிடையாது. பிரியத்தைப் போய் யாராவது ஆராய்வார்களா?

"சரி, நான் சொல்ற ரெண்டு கீயை அமுக்கு. தன் வயித்துல என்ன இருக்குன்னு அதுவே சொல்லிடும்."

அமுக்கினான். திரை, படகோடு சேர்ந்து உறைந்து நின்றது. சுவருக்கு அப்பால் பெண்கள் ஒரே குரலில் "ச்சே!" என்றார்கள். தையல் கோணலாகிவிட்டது போலிருக்கிறது.

"நின்னு போச்சுடா!"

"பெட்டியில பட்டன் இருக்குல்ல, அழுத்திப் பிடி."

பிடித்தான். பட்டன் 'டொக்' என்று உள்ளே விழுந்தது.

"திறந்து எடு. அப்படியே உள்ளே என்ன இருக்குன்னும் சொல்லு."

திருகாணிகளைக் கழற்றினான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என்னடா இருக்கு?"

"பல்லி."

"அது எந்தக் கம்பெனி?"

"நிஜப் பல்லிடா! வேற ஒண்ணுமே இல்ல!"

"அப்ப திருடிட்டானுங்க. முதலாளியம்மா உன் தோலை உரிக்கப் போறாங்க."

தோல் கிடக்கட்டும், காவுதா போய்விட்டாளே! எந்தக் களவாணி அவளைப் படித்துக்கொண்டிருக்கிறானோ! நிமிர்ந்தான். திரையில் படகு அப்படியே நின்றது. வெறும் பெட்டிக்கு ஏது படகு? திரைக்குப் பின்னாலிருந்த வயர் மேசைக்கு அடியில் இறங்கி, பலகைச் சுவர் ஓட்டைக்குள் நுழைந்திருந்தது. பிடித்து இழுத்தான். அவன் திரை இருண்டது. அந்தப் பக்கம் தடாலென்று ஒரு சத்தம், பெண்களின் கூச்சல்.

ஓடினான். தையல் மேசைக்கு அடியில் ஒரு பெட்டி சாய்ந்து கிடந்து, உறுமிக்கொண்டிருந்தது. மேசைமேல் இன்னொரு திரை. அதில் அவன் படகு. எதிர் பெஞ்சில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

காவுதா துணியிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னாள்: "முன்கடைப் பூட்டு சரியில்லைன்னு முதலாளியம்மா நிஜப் பெட்டியை இங்க வச்சாங்க. காலையில நான்தான் போட்டு விடுவேன். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

வைஸ்வாவுக்கு அப்படியே ஏரியில் குதித்துவிடலாம் போலிருந்தது.

"எ... எல்லாமே தெரிஞ்சுதா?"

கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த நபிர்யே அக்கா பெருமூச்சு விட்டாள்.

"தெரியாம என்ன? அவ தன்னோட கல்யாணக் கோமேசியைத் தைச்சு முடிச்சே ஒரு மாசம் ஆச்சு தம்பி. நீதான் அவளை இன்னும் படகை விட்டு இறக்க மாட்டேங்கிற!"