செண்பகவல்லி கேட்ட புடவை

அப்பளம் தயாரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொள்ளுப்பாட்டி தயாரிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள், அடையாளம் தெரிந்திருக்காது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியிலிருந்து, "எங்க வம்சத்துப் பொம்பளைங்க எல்லாம்..." என்று ஒரு குரல் கிளம்புமே, அதுதான். இலை போடும்வரை குதிரைகள் ஓடும், கோட்டைகள் இடியும், வெள்ளைக்காரன் தொப்பியைக் கழற்றி வணங்குவான். இவர்களுடைய வம்சத்தில் குழம்பைத் தீயவிட்டவள் கிடையாது. மருமகளைத் திட்டினவள் கிடையாது. சும்மா பிறந்து, சோறு பொங்கி, காய்ச்சல் வந்து செத்தவள் ஒருத்திகூடக் கிடையாது. நம் வீடுகளில் அப்படிச் செத்தவர்கள்தானே எல்லாரும்? அவர்களெல்லாம் எங்கே போனார்கள்?

இந்த இனத்தின் முழு வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் கடலூர் மஞ்சக்குப்பத்து மங்கலத்தைப் பார்க்க வேண்டும். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மற்றவர்கள் வாயால் தயாரித்ததை அவர் நாவலாகவே தயாரித்தார். தான் வாழ்க்கைப்பட்ட வீட்டுப் பெண்களின் ஐந்து தலைமுறைச் சரித்திரம். தகவல் திரட்டப் புருஷனின் சித்தப்பா சாமிக்கண்ணுவிடம் போனார். கைபேசியில் பதிவை ஓடவிட்டுக்கொண்டு கேட்டார்.

"எங்க ஆயா பேரு அம்மாக்கண்ணு. ரெண்டு மாடு வச்சிருந்துச்சு. போயி சேந்துடுச்சு."

"வெள்ளைக்காரனை எதிர்த்தாங்களா மாமா?"

"எங்க தாத்தாவை எதிர்த்துச்சு. அதுவே ஜாஸ்தி."

இதை வைத்துக்கொண்டு எப்படி நாவல் எழுதுவது? அம்மாக்கண்ணுவை நாலு வரியில் முடித்துவிட்டு, அவளுக்கும் மேலே, பெயரே தெரியாத இடத்தில், செண்பகவல்லியைப் பிறப்பித்தார் மங்கலம். என்ன அழகு, என்ன துணிச்சல்! தேவனாம்பட்டினத்துக் கோட்டைச் சிப்பாய்களின் கஞ்சியில் மிளகாய்த்தூளைக் கரைத்தவள். மயில்கழுத்து நிறத்தில் தாழம்பூ ரேக்குக் கரை போட்ட பட்டு கட்டினவள். வாசகர்களுக்குக் கண்ணீர் வரட்டும் என்று, பூவும் பொட்டுமாகக் கெடிலத்து ஆற்று வெள்ளத்தில் அவளை மூழ்கடித்தார். எழுதும்போது அவரே அழுதார். அந்த ஒரு வரி என்ன வினையை இழுக்கப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

பின்னட்டையில், "கதையல்ல, எங்கள் வீட்டுப் பெண்களின் உண்மை வரலாறு" என்று போட்டாயிற்று. இந்த இனத்தாரிடம் எப்போதும் இரண்டு வாக்கியங்கள் தயாராக இருக்கும். பாராட்ட வருகிறவருக்கு, "அத்தனையும் சத்தியம்." சண்டைக்கு வருகிறவருக்கு, "அது கற்பனைதானே." வெளியீட்டுக்கு முன்பே அனுப்பிய பிரதியைப் படித்துவிட்டுச் சிதம்பரத்திலிருந்து நாத்தனார் வேலம்மாள் போன் போட்டபோது இரண்டுமே தேவைப்பட்டன.

"அண்ணி, மூணாவது தலைமுறையில ஒரு வாயாடி நாத்தனாரு வர்றாளே, அது யாரு?"

"அது கற்பனை வேலம்மா."

"அப்ப செண்பகவல்லி?"

"அது சத்தியம்."

"சரி அண்ணி" என்று போனை வைத்துவிட்டாள் வேலம்மாள். அவள் ஒரே வார்த்தையில் போனை வைப்பவள் அல்ல. மங்கலம் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் மகள் தமிழினியின் கல்யாணம். அது முடிந்த கையோடு சிதம்பரத்தில் புத்தக வெளியீடு. மேடைக்கென்று மங்கலம் ஒரு பட்டு எடுத்திருந்தார். என்ன நிறம் என்று கேட்க வேண்டுமா? கதாநாயகியும் எழுதினவரும் ஒன்று என்று சனம் தானாகப் புரிந்துகொள்ள வேண்டாமா? பீரோவில் இரண்டாவது தட்டில், போர்வைக்கு அடியில், கண்படாமல் வைத்திருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைப்பது அந்த வீட்டு வழக்கம். பூவும் பொட்டுமாகப் போன வீட்டுப் பெண்ணை நீர்த்துறையிலிருந்து செம்பில் அழைத்து வந்து, புதுப்புடவை வைத்துக் கும்பிட வேண்டும். படைத்த புடவை அந்த வீட்டில் பிறந்து வாழ்க்கைப்பட்டுப் போன பெண்ணுக்குப் போகும்.

"இத்தினி வருஷமா செண்பகவல்லிக்கு ஒரு துணி வக்காம வுட்டுட்டமே!" என்று புத்தகத்தைப் படித்திருந்த சாமிக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம குடும்பம் ஏன் முன்னுக்கு வரலைன்னு இப்பல்ல தெரியுது!"

கெடிலத்திலிருந்து செம்பு வந்தது. மஞ்சள் நூல் புடவை ஒன்றை முறத்தில் வைத்தார்கள். பம்பை முழங்கியது. வேலம்மாள் கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தாள்.

"யாரு தாயே வந்திருக்கறது?" என்றார் சாமிக்கண்ணு.

"செண்பகவல்லிடா!"

"என்ன கொறை தாயே?"

"நான் நூல் புடவை கட்டறவளாடா? என் மயில்கழுத்துப் பட்டு எங்க?"

மங்கலம் இடுப்பில் செருகியிருந்த பீரோச் சாவியைப் பொத்திக்கொண்டார்.

"இந்நேரத்துல அதுக்கு எங்க போவேன் தாயே?"

"பீரோவுல! ரெண்டாவது தட்டுல! போர்வைக்கு அடியில!"

"பாத்தியா, ஆத்தோட போனவளுக்கு நம்ம வூட்டு பீரோ தெரியுது!" சாமிக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டார். காலையில் ஊக்கு தேடுகிறேன் என்று பீரோவைக் குடைந்தது யார் என்பது மங்கலத்துக்கு மட்டும் ஞாபகம் வந்தது.

புருஷன் ராஜவேல் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தால் புடவை போயிற்று. கொடுக்காமலிருக்க ஒரே வழிதான். செண்பகவல்லி என்று ஒருத்தி இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் பின்னட்டை போயிற்று. அந்த ரேக்கை ஒரு தரம் மனசில் நினைத்துப் பார்த்தார். புடவைதான் ஜெயித்தது.

"மாமா, அப்படி ஒருத்தி கெடையாது. நான்தான் கட்டி எழுதுனேன்."

பம்பை நின்றது.

"உண்மைன்னு அச்சடிச்சிருக்கியே?" என்றார் ராஜவேல்.

"அது... சும்மா போட்டதுங்க."

ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேலம்மாள் நேராக வந்து நின்றாள். "என்னை வச்சிப் பேரு வாங்கறப்ப நான் இருந்தேன். ஒரு துணி குடுக்கறப்ப இல்லாம பூட்டேனா?"

கூட்டம் குலவை போட்டது. மங்கலத்துக்குக்கூட ஒரு கணம் பொறாமையாக இருந்தது. நாவலில் செண்பகவல்லி இவ்வளவு நன்றாகப் பேசவில்லை.

"வுழுந்து கும்புட்டுடு மங்கலம். கல்யாண வூடு" என்றார் ராஜவேல். மங்கலம் சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் கதாபாத்திரத்தின் காலில் விழுந்தார். சாமி குனிந்து திருநீறு பூசியது. பூசும்போது காதோரம், ஆவேசம் துளியும் இல்லாமல், சிதம்பரத்துக் குரலில் கேட்டது:

"இப்பவாவது சொல்லுங்க அண்ணி, அந்த வாயாடி நாத்தனாரு யாரு?"

வெளியீட்டு விழாவில் மயில்கழுத்துப் பட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. மாலையோடு வந்தவர்கள், "நீங்கதானே எழுதுனது?" என்று நேரே அங்கேதான் போனார்கள்.

இதோடு மங்கலம் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? அந்த வருஷக் கடைசியில் 'தானே' புயல் வந்து தெருவில் ஒரு மரம் விடாமல் சாய்த்தது. மங்கலம் வீட்டுப் பலா மட்டும் நின்றது. சேதம் விசாரிக்க வந்தவர்களிடம் மங்கலம் சொன்னார்: "எல்லாம் எங்க செண்பகவல்லி காவல்." பொய்யாகச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார்.

சிரிக்கிறீர்கள். போன மாதம் சம்பந்தி வீட்டில் காப்பி ஆறும்வரை உங்கள் கொள்ளுப்பாட்டியைப் பற்றி ஒன்று எடுத்துவிட்டீர்களே, நினைவிருக்கிறதா? அவள் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? போகட்டும், அதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. தொண்ணூறு வயதில் இருமிச் செத்தாள் என்று முடித்திருந்தால் உங்களுக்குப் பயமில்லை. பூவும் பொட்டுமாக அனுப்பிவைத்தீர்களா? அப்படியானால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்று சொல்லிவிடவில்லையே?